கியூப் பெட்டி செய்யப் போகிறீர்களா? கணக்கை விரலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: இருபது ரூபிக் கியூப் வரை சேர்ந்துவிட்டது. 2×2 முதல் 7×7 வரை இருக்கிறது, கூடவே நான்கு முக்கோண முகம் கொண்ட பிரமின்க்ஸ், பன்னிரண்டு முகம் கொண்ட மெகாமின்க்ஸ். கடையில் கிடைக்கும் பெட்டி எதுவும் பொருந்தவில்லை. நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். என்ன பொருள் வாங்குவது, ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு இடம் விடுவது?

பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம். அட்டையிலும் அருமையான பெட்டி வரும், தேக்கிலும் உதவாத பெட்டி வரும். வீட்டில் செய்யும் கியூப் பெட்டிகளில் பெரும்பாலானவை சொதப்புவது கியூபை உள்ளே வைப்பதில் இல்லை, வெளியே எடுப்பதில்தான். 56 மி.மீ. கியூபுக்கு 58 மி.மீ. அறை, நடுவில் மெல்லிய தடுப்பு, பன்னிரண்டையும் அடுக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் உள்ள ஒன்றை எடுக்க விரல் நுழையாது. பெட்டியைக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் கியூபின் மேல் அடுக்கை நகத்தால் நெம்ப வேண்டும். அதனால் முதலில் விரலுக்கு இடம், பிறகு கியூபுக்கு இடம், கடைசியாகப் பெட்டியின் வெளி அளவு. இந்த வரிசையில் கணக்குப் போட்டால் பாதிச் சிக்கல் வராது.

அளவெடுப்பதில் ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் போட்டிருக்கும் அளவை நம்பி வெட்டாதீர்கள், உங்கள் கியூபை வெர்னியரில் வைத்து அளந்துகொள்ளுங்கள். எர்னோ ரூபிக் 1974-ல் உருவாக்கிய கியூபின் நேர் வாரிசான பழைய பிராண்டு கியூப் 57 மி.மீ. இருக்கும். இப்போதைய வேகப் போட்டி 3×3 பெரும்பாலும் 55-லிருந்து 56 மி.மீ.க்குள். 2×2 ஏறக்குறைய 50. 4×4, 5×5 இரண்டும் 60-ஐ ஒட்டி வரும். 7×7 70-ஐத் தொடும். இதெல்லாம் தோராயம்தான். அளக்கும்போது கியூப் தீர்த்த நிலையில், எல்லா அடுக்கும் நேராக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் அளந்து விடாதீர்கள். பெரிய கியூப் சிலவற்றில் முகங்கள் லேசாகப் புடைத்திருக்கும், எங்கே அதிகமோ அதுதான் உங்கள் அளவு.

அடுத்து, இது அலமாரிப் பெட்டியா, பையில் போகும் பெட்டியா? அலமாரிப் பெட்டி எப்போதும் படுத்தே இருக்கும். அதற்குத் தடுப்பும் தூசி படாத மூடியும் இருந்தால் போதும். பையில் போவது வேறு கதை. பையைத் தோளில் மாட்டியதும் பெட்டி நிமிர்ந்து நிற்கும், கியூப்கள் எல்லாம் மூடிப் பக்கம் சாயப் பார்க்கும். மூடியின் உட்புறம் அவற்றை அழுத்திப் பிடிக்காவிட்டால் போய்ச் சேரும் வரை கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு 3×3 மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், கைப்பிடியும் கீலும் அதைத் தாங்க வேண்டும்.

சரி, ஒரு தட்டை முழுக்கக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். பன்னிரண்டு 3×3, நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று. கியூப் 56 மி.மீ., தடுப்பு அட்டை 3 மி.மீ.

ஒவ்வொரு கியூபுக்கும் 60 மி.மீ. இடம் விடுகிறேன், அதாவது கியூப் அளவோடு 4 கூட்டல். ஏன் 4? கியூபை யாரும் மில்லிமீட்டர் சுத்தமாக நேராக்கி வைப்பதில்லை. ஒரு அடுக்கு 4 டிகிரி திரும்பியிருந்தால்கூட அதன் மூலை வெளியே நீட்டி மொத்த அகலம் 60-க்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். 58 மி.மீ. அறையில் அந்தக் கியூப் மூலையில் சிக்கும், அழுத்தினால் அட்டை கிழியும். 60-ல் தானாக இறங்கிவிடும்.

இப்போது விரல். இரண்டு பக்கமும் 60 மி.மீ. அறை, 3 மி.மீ. தடுப்பு என்றால் பக்கத்துப் பக்கத்துக் கியூப்களுக்கு நடுவே 7 மி.மீ.தான் இருக்கும். அதில் பெரியவர் விரல் போகாது. எல்லாப் பக்கமும் இடைவெளியைக் கூட்டினால் பெட்டி பெருத்துவிடும். தேவையும் இல்லை, ஏனென்றால் கியூபை எடுக்க எதிரெதிர் இரண்டு பக்கம் கிடைத்தால் போதும். ஆகவே நீளவாக்கில் மட்டும் அறையை 68 மி.மீ. ஆக்குங்கள், அகலவாக்கில் 60 அப்படியே இருக்கட்டும். கூடுதலாக வந்த 8 மி.மீ.யில் கியூப் ஆடாமல் இருக்க, அந்த இரண்டு சுவரிலும் 4 மி.மீ. ஈ.வி.ஏ ஷீட்டை (ரப்பர் மாதிரியான ஃபோம்) ஒட்டிவிடுங்கள். தடுப்பின் உயரம் 40 மி.மீ. மட்டுமே இருக்கட்டும். அடியில் 5 மி.மீ. மெத்தை போட்டால் கியூபின் தலை 61-ல் நிற்கும், தடுப்புக்கு மேலே 21 மி.மீ. வெளியே தெரியும். அந்த உயரத்தில் இரண்டு கியூப்களுக்கு நடுவே 15 மி.மீ. வெறும் இடம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாராளமாக இறங்கும். கீழே இறுக்கம், மேலே தாராளம்: இந்தத் தட்டின் சூட்சுமம் இவ்வளவுதான்.

உள் அளவு இப்போது தானே வருகிறது. நீளம்: நான்கு 68, நடுவில் மூன்று தடுப்பு, ஆக 281 மி.மீ. அகலம்: மூன்று 60, இரண்டு தடுப்பு, ஆக 186 மி.மீ. நீளப் பட்டை இரண்டு, அகலப் பட்டை மூன்று வெட்டுங்கள். இரண்டு வகையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளப் பாதி உயரத்துக்கு, அதாவது 20 மி.மீ. ஆழத்துக்கு, வெட்டு விட வேண்டும். நீளப் பட்டையில் வெட்டுகளின் மையம் ஒரு முனையிலிருந்து 69.5, 140.5, 211.5 மி.மீ.யில் வரும். அகலப் பட்டையில் 61.5, 124.5. நீளப் பட்டையின் வெட்டு மேலிருந்து, அகலப் பட்டையின் வெட்டு கீழிருந்து. வெட்டின் அகலம் அட்டையின் தடிமனைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கட்டும். வெறும் 3 மி.மீ. விட்டால் கோக்கும்போது அட்டையின் விளிம்பு மடங்கும், 3.5 விட்டால் கட்டம் கோணிக்கொண்டு நிற்கும். எல்லாப் பட்டையையும் ஒன்றாக அடுக்கிக் கிளிப் போட்டு, ஒரே மூலைமட்டத்தால் கோடு இழுத்தால் பட்டைக்குப் பட்டை வித்தியாசம் வராது. ஈ.வி.ஏ துண்டுகளைக் கட்டம் கோத்த பிறகு ஒட்டுங்கள். முன்னாலேயே ஒட்டிவிட்டால் வெட்டுகள் மூடிக்கொள்ளும்.

முழுவதையும் வெட்டுவதற்கு முன் கழிவு அட்டையில் இரண்டே இரண்டு அறை மட்டும் செய்து, இரண்டு கியூபை வைத்து எடுத்துப் பாருங்கள். ஓர் அறை போதாது, பக்கத்துக் கியூப் இருக்கும்போதுதான் விரல் பிரச்சினை தெரியவரும்.

மூடி விஷயத்தில் பலரும் தட்டை ஆழமாகவும் மூடியை மெல்லிசாகவும் செய்கிறார்கள். நான் தட்டின் ஆழத்தைக் குறைத்து மூடியை ஆழமாக்கச் சொல்வேன். மேலே சொன்ன கணக்கில் தட்டின் வெளிச்சுவரும் 45 மி.மீ. ஆழத்தோடு நிற்கட்டும், மூடிக்கு 20 மி.மீ. உள்ளாழம் கொடுங்கள். சுவர் உயர்ந்திருந்தால் ஓரத்து அறைகளில் ஒரு பக்கம் விரல் இறங்க வழியில்லாமல் போய்விடும். மூடியைச் சேர்த்து மொத்த உள்ளுயரம் 65. கியூபின் தலை 61-ல் இருப்பதால் மேலே மிச்சம் 4 மி.மீ. அங்கே 6 மி.மீ. மெத்தையை ஒட்டினால் மூடும்போது 2 மி.மீ. அழுந்திப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம். அடுக்குகளை நாள் கணக்கில் நெருக்கி வைத்திருப்பது கியூபுக்கும் நல்லதில்லை, கொண்டிக்கும் நல்லதில்லை. மூடிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் மெத்தை போதவில்லை, மூடி தூக்கிக்கொண்டு நின்றால் மெத்தை அதிகம்.

உங்களுடையது கலவையான சேகரிப்பு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் திணிக்க வேண்டாம். 2×2, 3×3, மூலைவாக்கில் திரும்பும் ஸ்கியூப், 4×4 எல்லாம் ஒரு தட்டு, 5×5-லிருந்து மேலே உள்ளவையும் கோணல்மாணலான உருவங்களும் இன்னொரு தட்டு. ஒரே தட்டுக்குள் சின்னதும் பெரியதும் வரும்போது தரையின் உயரத்தை மாற்றித் தலைகளைச் சமமாக்குங்கள். 56 மி.மீ. கியூபுக்கு 5 மி.மீ. மெத்தை போட்ட தட்டில் 50 மி.மீ. 2×2-க்கு 11 மி.மீ. மெத்தை வேண்டும். அப்போதுதான் மூடியின் மெத்தை எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிடிக்கும். 4×4 ஐந்தாறு மி.மீ. உயரம் கூடுதலாக வரும். அதை வைத்தே தட்டின் மொத்த உயரத்தை முடிவு செய்து, மற்றவற்றின் தரையை ஏற்றிக்கொள்ளலாம்.

பிரமின்க்ஸ்தான் எல்லோரையும் குழப்புவது. முக்கோணமாக அறை வெட்ட வேண்டுமோ என்று நினைப்பார்கள். தேவையே இல்லை. நான்முகியை ஒரு கனசதுரத்துக்குள் மூலைவிட்டமாக உட்கார வைக்கலாம். அதன் ஒரு விளிம்பு தரையில் மூலைக்கு மூலை படுத்திருக்கும், எதிர் விளிம்பு மேலே மற்ற இரு மூலைகளை நோக்கி இருக்கும். அப்படி வைத்தால் தேவைப்படும் கனசதுரத்தின் பக்கம், நான்முகியின் விளிம்பை 1.414-ஆல் வகுத்தது. 98 மி.மீ. விளிம்புள்ள பிரமின்க்ஸுக்கு அது 69.3 மி.மீ. அதாவது உங்கள் 7×7-க்கு வெட்டிய அறையிலேயே அது அடங்கிவிடும். இன்னொரு நல்ல விஷயம், பாதி உயரத்தில் அதன் குறுக்குவெட்டு ஒரு சதுரம், அந்தச் சதுரத்தின் நான்கு முனைகளும் அறைச்சுவர்களின் நடுவைத் தொட வரும். ஆகவே தடுப்பு 50 மி.மீ. உயரமே இருந்தாலும் ஆடாமல் நிற்கும். 7×7 அறை கொஞ்சம் தாராளமாக இருக்கும் என்பதால் சுவர்களின் நடுவில் சின்ன ஈ.வி.ஏ துண்டு ஒன்று வையுங்கள். எடுப்பதும் சுலபம், மேல் விளிம்பின் இரு பக்கமும் சரிவாக வெற்றிடம் இருக்கிறதே.

மெகாமின்க்ஸில் வேறொரு பொறி. அதை முகத்தின் மேல் உட்கார வைத்து உயரத்தை அளந்து, அகலமும் அதே என்று எடுத்துக்கொண்டால் உள்ளே போகாது. பன்னிருமுகி அப்படி உட்காரும்போது அதன் அகன்ற இடம் உயரத்தைவிட ஏறக்குறைய 1.24 மடங்கு. மேலேயிருந்து பார்த்தால் பத்துப் பக்க உருவம் தெரியும், அதன் எதிர் மூலைகளுக்கு நடுவே அளந்துகொள்ளுங்கள். சதுர அறையே போதும். மூலைகளில் மிஞ்சும் இடத்தில் திருகாணி முடுக்கும் குட்டிக் கருவியையோ ஜிப் பையில் போட்ட லூப் (கியூப் வழுக்கிச் சுழலப் போடும் எண்ணெய்) பாட்டிலையோ வைக்கலாம். ஜிப் பை இல்லாமல் லூபை வைக்காதீர்கள், என்றாவது ஒருநாள் கசியும்.

ஸ்கொயர்-ஒன் என்ற புதிர் கலைந்தால் உருவமே மாறிவிடும், எனவே அதைக் கனசதுர நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அறையில் வைக்க முடியும். கடிகார முட்களைத் திருப்பித் தீர்க்கும் கிளாக் புதிர் தட்டையானது, அதை மூடியின் உட்புறம் ஒரு எலாஸ்டிக் பட்டையில் செருகலாம், ஆனால் ஊசிகள் இரு பக்கமும் துருத்திக்கொண்டு இருப்பதால் கீழே உள்ள கியூபில் இடிக்காத இடமாகப் பாருங்கள்.

போட்டிக்குப் போகிறவர் என்றால் ஒரு தகவல் உதவும். கியூப் போட்டிகளை நெறிப்படுத்தும், 2004-ல் தொடங்கிய வேர்ல்ட் கியூப் அசோசியேஷனின் அதிகாரபூர்வப் பிரிவுகள் 17, ஆனால் அவற்றுக்கு வேண்டிய புதிர் வகைகள் 11-தான். கண்கட்டிச் செய்வது, ஒற்றைக் கையால் செய்வது, குறைந்த நகர்வு எல்லாம் இருக்கிற கியூபிலேயே முடிந்துவிடும். கண்கட்டிப் பல கியூபைத் தீர்க்கும் பிரிவில் இறங்குகிறவருக்கு மட்டும் நிறைய 3×3 வேண்டும், அவருக்கு மேலே சொன்ன பன்னிரண்டு அறைத் தட்டு ஒன்றோ இரண்டோ தனியாகவே தேவைப்படும். மற்றவர்களுக்குப் பதினொரு அறையும், உபரி 3×3-க்கு ஒன்றுமாகப் பன்னிரண்டு போதும்.

இனி பொருள். முதல் பெட்டிக்கு நான் சொல்வது பைண்டிங் அட்டைதான். நோட்டுப் புத்தக அட்டைக்குள் இருக்கும் அந்தச் சாம்பல் நிற அட்டை. கட்டர் கத்தி, ஸ்டீல் ஸ்கேல், வெள்ளைப் பசை, இவ்வளவுதான் கருவி. ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் நாலைந்து தடவை மெதுவாகக் கீறினால் விளிம்பு சுத்தமாக வரும். வெளிப்பெட்டியாக ஏற்கெனவே இருக்கும் உறுதியான பிளாஸ்டிக் டப்பாவையோ கருவிப் பெட்டியையோ எடுத்துக்கொண்டு உள்ளே கட்டத்தை மட்டும் அட்டையில் செய்வது இன்னும் புத்திசாலித்தனம். கீல், கொண்டி, கைப்பிடி என்ற மூன்று தலைவலியும் மிச்சம். பெட்டி முழுவதையும் தானே செய்தால்தான் திருப்தி என்றால் 6 மி.மீ. பிளைவுட்டில் வெளிச்சுவர், 3 மி.மீ.யில் தடுப்பு. அதைவிடத் தடிமன் வேண்டாம், பெட்டி காலியாகவே கனக்கும்.

லேசரில் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டித் தருபவர்கள் இருந்தால் கட்டம் துல்லியமாக வரும். இரண்டு கவனம் வேண்டும். லேசர் கதிர் தன் பங்குக்கு 0.15, 0.2 மி.மீ. தின்றுவிடும், எனவே பொருத்துகளுக்கு ஒரு சோதனைத் துண்டு முதலில் வெட்டிப் பாருங்கள். இரண்டாவது, வெட்டிய விளிம்பில் கரி ஒட்டியிருக்கும். துடைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, மேலே ஒரு கோட் பூச வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை முகத்தில் பழுப்புக் கோடு விழும். அக்ரிலிக் காட்சிக்கு வைக்க நன்றாக இருக்கும், பையில் கொண்டுபோக வேண்டாம்.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் உடனே அதைத்தான் ஓட்டுவார்கள். மெகாமின்க்ஸ் போன்ற உருவங்களுக்கு அச்சாக அறை செய்ய அது உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் சாதாரண சதுரக் கட்டத்துக்கு அது நேரக்கொலை என்பது என் கருத்து. 281 மி.மீ. தட்டு வீட்டு பிரிண்டர்கள் பலவற்றின் மேடையில் அடங்காது, அறை அறையாக அடித்துக் கோக்க வேண்டும். முதல் அடுக்கு லேசாகப் பிதுங்கி வெளியே வரும், அதை அரத்தால் தேய்க்காவிட்டால் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பி.எல்.ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போனால் வளைந்துவிடும். கொண்டுபோகும் பெட்டிக்கு பெட்ஜி வகை இழை நல்லது.

உள்ளே போடும் துணியும் மெத்தையும் அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, அதுதான் எனக்குப் பிடிக்காதது. வெல்வெட், கம்பளித் துணி வகையெல்லாம் நுண்ணிய நாரை உதிர்க்கும். கியூபுக்குள் சிலிக்கான் லூப் இருக்கிறது, அந்த நார் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். சில வாரத்தில் திருப்பும்போதே கரகரப்பு தெரியும். சோபா மெத்தையில் இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் புதிதாக இருக்கும்போது மெத்மெத்தென்று இருக்கும், வயதாக ஆகப் பிசுபிசுத்து, பிறகு பொடிப் பொடியாக உதிரும். பழைய கேமராப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் தூள் தெரியும். ஈ.வி.ஏ, பாலித்தீன் ஃபோம் இரண்டும் இப்படி உதிராது, வெட்டும்போதும் விளிம்பு சுத்தமாக இருக்கும். மென்மையான பி.வி.சி ரெக்ஸின் வேண்டாம், அதிலுள்ள இளக்கிகள் காலப்போக்கில் கியூபின் ஏ.பி.எஸ் பிளாஸ்டிக்குக்குள் ஏறி அதை மிருதுவாக்கிப் பிசுபிசுக்க வைக்கலாம்.

மூடிக்குக் காந்தம் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வைக்கலாம், ஆனால் இன்றைய வேகப் போட்டிக் கியூப்கள் பெரும்பாலானவற்றின் உள்ளும் குட்டி நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன. மூடிக் காந்தம் அறைச்சுவரை ஒட்டி இருந்தால் அவற்றை இழுக்கும், அடுக்கு லேசாகத் திரும்பி நிற்கும். இரண்டு விரல் அகலம் தள்ளி, பெட்டியின் முன்விளிம்பில் வையுங்கள். கியூபுக்குக் கியூப் 7 மி.மீ. இடைவெளி இருந்தால் அவை ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

பசை விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சூப்பர் குளூவின் ஆவி பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பூசணம் மாதிரி படியும், பளபளப்பான கருப்புக் கியூபில் அது அசிங்கமாகத் தெரியும். தெர்மாகோலில் கரைப்பான் கலந்த பசையைத் தடவினால் தெர்மாகோலே கரைந்து குழியாகும், அதற்கு வெள்ளைப் பசைதான். வார்னிஷும் தின்னர் கலந்த பெயின்ட்டும் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மூடிய பெட்டிக்குள் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி ஏ.பி.எஸ்ஸுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்தபடியே காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் போடுங்கள். பிறகு ஒருநாள் இரவு காலியாக மூடி வைத்துக் காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் இன்னும் சில நாள் திறந்தே கிடக்கட்டும், அதுவரை கியூப்கள் பழைய இடத்திலேயே இருக்கலாம்.